இறந்தவர் கண்டுபிடித்த ஏற்காடு

ஏற்காட்டைப் பற்றி இணையத்தில் தேடினால் சில நிமிடங்களிலேயே ஒரு செய்தி கண்ணில் படும். 1842-ஆம் ஆண்டு, சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ இந்த மலையைக் கண்டுபிடித்தார் என்பது அது. விடுதிகளின் அறிமுகக் குறிப்புகள், சுற்றுலா வழிகாட்டிகள், பள்ளி மாணவர்களின் கட்டுரைகள் என்று எங்கு பார்த்தாலும் இதே சங்கதி, பல இடங்களில் ஒரே சொற்களில் கிடக்கிறது. இதில் இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். மன்றோ 1827 ஜூலை 6 அன்று, இன்றைய ஆந்திரத்தில் உள்ள பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துபோனார். 1842-இல் சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் எல்பின்ஸ்டன் பிரபு. அந்த ஆண்டு செப்டம்பரில் அவரிடமிருந்து ட்வீடேல் பிரபு பொறுப்பேற்றார். செத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒருவர் மலையேறி வந்து ஊர் கண்டுபிடித்ததாக எழுதுகிறோம். அதைப் படிப்பவர்கள் அப்படியே நகலெடுத்து அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள்.

ஏற்காட்டையும் அது அமைந்துள்ள, சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையையும் பற்றி இணையத்தில் சிதறிக் கிடக்கும் உதிரிச் செய்திகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஆயிரம் இடங்களில் கிடைப்பது ஒரு வகை. ஸ்கேன் செய்து ஏற்றப்பட்ட பழைய புத்தகம் ஒன்றின் நடுப்பக்கத்தில், தேடுவார் இல்லாமல் கிடப்பது இன்னொரு வகை. முதல் வகையில் பாதிக்கு மேல் நம்ப முடியாதவை. இரண்டாம் வகையில்தான் ஊரின் உண்மையான சுவாரசியம் இருக்கிறது. இந்தக் கட்டுரை இரண்டிலிருந்தும் சிலவற்றை எடுத்துப் பார்க்கிறது.

முதலில் மன்றோ. அந்த வாக்கியம் பொய் என்று தூக்கி எறிந்துவிட்டால் அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு மெய்யையும் சேர்த்து இழந்துவிடுவோம். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அந்தப் பகுதியின் வரிவசூலை ஒழுங்குபடுத்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அனுப்பப்பட்டார். அவருக்குக் கீழ் வேலை பார்த்த இளம் ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை ஏழு ஆண்டுகள் அவர் இந்த வட்டாரத்தில் இருந்தார். தருமபுரியில் தங்கி, ஊர் ஊராகக் குதிரையில் போய் நிலத்தை அளக்கச் செய்து, குடியானவர்களோடு பேசினார். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நடைமுறைக்கு வந்த, குடியானவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை அவருக்கு இங்கேதான் பிடிபட்டது. சேர்வராயன் மலையின் வடக்குப் பக்கம் விரியும் சமவெளியில் ஏழாண்டு அலைந்தவருக்கு அந்த மலை தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆக, மன்றோவுக்கும் இந்த வட்டாரத்துக்கும் தொடர்பு உண்டு. அது ஆளுநர் பதவிக்கு கால் நூற்றாண்டு முந்தைய தொடர்பு. ‘ஆளுநர்’ என்ற பெரிய பட்டமும் எங்கிருந்தோ வந்த 1842 என்ற எண்ணும் ஒட்டிக்கொண்டதும் வரலாறு தலைகீழாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலையில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர்கள் என்றும், அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்றும், கரிராமன் என்ற தெய்வத்தைக் காஞ்சியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்றும் இவர்களிடையே வழங்கும் கதையை ஹென்றி லெ ஃபானு 1883-இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டின் காலத்திலிருந்து பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். தர்ஸ்டனின் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் அது உண்டு. சுமார் 1,620 மீட்டர் உயரத்தில் உள்ள உச்சியில், தலை குனிந்து நுழைய வேண்டிய குகைக் கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலைக்கிராமங்கள் திரண்டு வரும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று சேந்தமங்கலம், மற்றது ஏற்காடு. இத்தனை பேர் குடியிருந்த இடத்தை ஒருவர் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதும்போது நமக்கே கூச்சம் வர வேண்டாமா?

அடுத்த உதிரி இன்னும் பெரியது: இந்திய வரலாற்றின் முதல் முழுமையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1866-இல் ஏற்காட்டில்தான் நடந்ததாம். படித்தவுடன் பெருமையாக இருக்கும். ஒரு மலைக்கிராமத்தில் தலை எண்ணுவதை இந்தியக் கணக்கெடுப்பு என்று சொல்ல முடியுமா என்ற சந்தேகம் பிறகுதான் எழும். உண்மையில் சென்னை மாகாண அரசு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுத்துவந்தது. 1851-52, 1856-57, 1861-62, 1866-67 என்று நான்கு முறை அது நடந்தது. இந்த 1866-67 கணக்கு எங்கோ ஏற்காட்டோடு முடிச்சுப் போடப்பட்டு ‘முதல்’, ‘முழுமையான’ என்ற அடைமொழிகளைப் பெற்றிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது முழுமையானதாகவும் இல்லை. 1866-67 கணக்கின்படி மாகாணத்தில் சுமார் 2 கோடியே 65 லட்சம் பேர். நான்கைந்து ஆண்டுகளில், டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அறிக்கை எழுதிய 1871 கணக்கெடுப்பில் 3 கோடியே 12 லட்சம் பேர். இடையில் 47 லட்சம் குழந்தைகள் கூடுதலாகப் பிறந்துவிடவில்லை. முன்பு எண்ணாமல் விட்டவர்களை இம்முறை எண்ணினார்கள், அவ்வளவுதான். நாடு முழுவதும் ஒரே சமயத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881-ஐச் சேர்ந்தது.

பொய்ப் பெருமைக்காக மெனக்கெடும் நேரத்தில் அந்தக் கணக்கெடுப்பு அறிக்கைகளைத் திறந்து பார்த்தால் சேலத்தைப் பற்றி நெஞ்சை அடைக்கும் ஒரு கணக்கு கிடைக்கும். 1871-இல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,66,995. 1881-இல் 15,99,595. பத்தாண்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைவு. நடுவே வந்தது 1876-78 பெரும்பஞ்சம், நம் கிராமங்களில் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லி வந்த அது. சிலர் ஊரைவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் செத்தார்கள். 1891-இல்தான் மாவட்டம் பழைய எண்ணிக்கையை நெருங்கியது. கணக்கெடுப்பு வரலாற்றில் சேலத்துக்கு ஓர் இடம் உண்டென்றால் அது இந்த மூன்றரை லட்சம் பேருக்கான இடம்.

வெள்ளைக்காரர் குடியேற்றத்துக்கு நம்பத்தக்க தொடக்கம் மான்டேகு டண்டாஸ் காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பதில் பழைய நூல்கள் ஒத்துப்போகின்றன. அவர் தொடங்கிய ‘கிரேஞ்ச்’ தோட்டத்தின் பெயரை இன்றும் கேட்கலாம். இதுவரை எல்லோரும் எழுதுவதுதான். அதிகம் பேர் எழுதாத இணைப்பு ஒன்று, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சித்திரச் சேகரிப்பில் இருக்கிறது. நீலகிரிப் பறவைகளையும் செடிகளையும் நீர்வண்ணத்தில் வரைந்த மார்கரெட் புஷ்பி லாசெல்ஸ் காக்பர்ன், இந்த கலெக்டரின் மகள். 1829-இல் சேலத்தில் பிறந்தவர். தந்தை கோத்தகிரிக்கு மாறியபோது உடன் போய், திருமணம் செய்துகொள்ளாமல் அங்கேயே வாழ்ந்து, 1928 வரை இருந்தார். தகப்பன் பெயர் காப்பியின் கதையில் நிற்கிறது. மகளின் பறவைகளைப் பார்க்க லண்டன் போக வேண்டும், அல்லது கணினியைத் திறக்க வேண்டும்.

இனி வருவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த மலையின் மிகப் பெரிய உதிரிச் செய்தி. தமிழ் இலக்கிய வரலாறு படித்தவர்களுக்கு பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பெயர் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் சபைப் பள்ளியை நடத்தியவர். ஆறுமுக நாவலர் அவரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பைபிள் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றார். அந்தப் பணிக்காக இருவரும் சென்னைக்கு வந்ததும், நாவலர் பிறகு அந்த வேலையை விட்டுச் சைவப் பிரசாரத்தில் இறங்கியதும் தெரிந்த கதை. பெர்சிவலும் பின்னர் சபை மாறிச் சென்னையிலேயே தங்கினார். ‘தினவர்த்தமானி’ என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார். அதன் ஆசிரியப் பணிக்கு அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. கலித்தொகையையும் தொல்காப்பியப் பகுதிகளையும் பின்னாளில் அச்சேற்றிய அதே பிள்ளை. பெர்சிவல் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு தொகுத்தார். 1882-இல் அவர் காலமானது ஏற்காட்டில். நாவலரையும் தாமோதரம்பிள்ளையையும் பற்றி நம்மிடம் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உண்டு. அவர்கள் இருவர் வாழ்விலும் திருப்பமாக வந்த மனிதர் சேலத்துக்கு மேலே ஒரு மலையில் கண்ணை மூடினார் என்பதை அவற்றில் தேடினாலும் பார்ப்பது அரிது.

பெர்சிவலின் மகளை மணந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் அதிகாரி. 1863 மே 30 அன்று சென்னை பல்லாவரத்தில், செம்புறைக்கல் சரளை தோண்டிய இடத்தில் மனிதன் செதுக்கிய கற்கோடாரி ஒன்றை எடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதே ஆண்டில் சக அதிகாரி வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்துக்கும் போனார். அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டுகள் அகழ்ந்து, அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஃபூட் 1891-இல் துறையிலிருந்து ஓய்வு பெற்று, பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கு வேலை பார்த்து, கடைசியில் குடிபோன இடம் ஏற்காடு. ‘ஐவி காட்டேஜ்’ அவர் வீடு. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். நினைவுக்கல் இருப்பது ஏற்காடு ஹோலி டிரினிடி தேவாலயத்தில். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகளை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அவற்றின் விளக்க அட்டவணை அவர் இறந்த பின் 1914-இலும் 1916-இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. இன்றும் தென்னிந்தியாவில் ஒரு கற்கால இடத்தைப் பற்றி எழுதுபவர் முதலில் புரட்டும் நூல் அதுதான். அந்த மனிதரின் சொந்த வாழ்க்கையைத் துலக்கியவரும் சாந்தி பப்புதான். 2008-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை ஏற்காட்டையும் பெர்சிவல் குடும்பத்தையும் நமக்குக் காட்டுகிறது.

ஆக, தமிழ் அச்சுப் பண்பாட்டின் தொடக்கக் கால ஆள் ஒருவரும், இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முதல் ஆளும் மாமன் மருமகனாக இந்த ஒரே மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ‘லேடீஸ் சீட்’டிலிருந்து மேட்டூர் அணை தெரிகிறதா என்று தொலைநோக்கிக்கு வரிசையில் நிற்கிறோமே, அதில் ஒரு கால்மணி நேரத்தை அந்தத் தேவாலயத்துக்குக் கொடுக்கலாம்.

ஃபூட்டின் சேகரிப்பில் சேர்வராயன் மலையின் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடாரிகளும் உண்டு. அவற்றின் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போகும் முன் இத்தகைய கற்கள் பல கோயில்களில் இருந்தன. சேலம், திருப்பத்தூர் பக்கத்து மலைகளில் காட்டைத் திருத்தும்போது அகப்பட்ட இந்த அழகிய கற்களை மக்கள் பிள்ளையார் முன்னாலோ மரத்தடியிலோ சேர்த்துவைத்துப் பூசை செய்தார்கள். ஜவ்வாது மலையில் இன்றும் அப்படி வைத்திருப்பதைக் காணலாம். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதன் மரம் வெட்டச் செய்த கருவிதான் அது. ஐரோப்பியக் குடியானவர்களும் இதே போன்ற கற்களை இடியோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று நம்பி, வீட்டுக்கூரையில் செருகிவைத்தார்கள். அறிவியலார் அவற்றைக் கருவி என்று அடையாளம் கண்டபோது அங்கே வீடுகளிலிருந்தும் இங்கே கோயில்களிலிருந்தும் கற்கள் கண்ணாடிப் பேழைகளுக்குப் போயின. கோயிலில் இருந்தவரை ஒரு கல் எந்த ஊரில் கிடைத்தது என்பதை அந்த ஊரே அறிந்திருந்தது. பேழையில் அதற்கு ஓர் எண்தான் உண்டு. ஃபூட் இடம்வாரியாக அட்டவணை எழுதிய காரணத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கிறது.

பெர்சிவல், ஃபூட் வரிசையில் மலையின் மூன்றாவது மனிதர் டாக்டர் ஜான் ஷார்ட். சென்னை மாகாணத்தில் அம்மை குத்தும் பணிக்குத் தலைமை வகித்த ஆங்கிலோ-இந்திய மருத்துவர். பாம்பு நஞ்சு, கால்நடை, மலைத்தொடர்கள் என்று எல்லாவற்றையும் பற்றி எழுதினார். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் தங்கி 1889-இல் அங்கேயே இறந்தார். தென்னிந்தியக் காப்பிப் பயிர் பற்றி அவர் எழுதிய கையேடு 1864-இல் வெளிவந்தது. இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். காப்பித் தோட்டங்களைப் பின்னாளில் துடைத்தழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகத் தென்பட்டது 1869-இல். ஆகவே அந்தக் கையேடு, வரப்போகும் ஆபத்தின் வாடையே இல்லாத ஒரு நம்பிக்கைக் காலத்தின் சாட்சி.

ஷார்ட்டின் பெயர் ஒரு பாம்புக்கும் இருக்கிறது. கர்னல் ரிச்சர்டு பெடோம், சேர்வராயன் மலையில் கிடைத்த மண்வாழ் பாம்பு ஒன்றை 1863-இல் விவரித்து, அவர் பெயரைச் சூட்டினார். கேடயவால் பாம்பு என்ற வகை. விஷமில்லாதது. ஈரமண்ணுக்குள் புழுவைத் தின்று வாழ்வது. வாலின் நுனி சீவிவிட்டாற்போல் இருப்பதால் தலை எது வால் எது என்று பார்ப்பவர் குழம்புவார். பிற்கால வகைப்பாட்டாளர்கள் இது தனி இனமல்ல, மேற்குத் தொடர்ச்சி மலைப் பாம்பின் ஒரு வடிவமே என்று முடிவுசெய்து பெயரை அழித்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, எஸ். ஆர். கணேஷ் உள்ளிட்ட தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் பழைய விவரிப்புகளையும் அருங்காட்சியக மாதிரிகளையும் ஒப்பிட்டு, 2014-இல் இது தனி இனமே என்று மீட்டெடுத்தார்கள். பெடோமின் காலத்து விவரிப்புகளைத் தேட இன்று லண்டன் நூலகத்துக்குக் கப்பலேற வேண்டாம். ‘பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி’ போன்ற தளங்களில் பழைய உயிரியல் இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய தாள்களை வலையேற்றுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பாம்பைக் காட்டலாம்.

ஊர்ப்பெயரையே தாங்கிய பல்லியும் உண்டு. 2000-இல் இந்திரனீல் தாஸும் ஆரன் பாவரும் விவரித்த ‘நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ்’. பகலில் பாறைகளில் திரியும் சிறு பல்லி. அதே கட்டுரையில் அவர்கள் விவரித்த இன்னொரு புதிய பல்லி வேலூர்க் கோட்டையிலிருந்து கிடைத்தது! செடிகளில், தாவரவியலாளர் காம்பிள் பெயரிட்ட ‘வெர்னோனியா சேவராயென்சிஸ்’ என்ற சிறுமரம் இந்த மலைக்கே உரியது. ஏற்காட்டிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத் தோட்டத்தார் அதைக் காப்பாற்றி வளர்க்கிறார்கள். அந்தத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஆர்க்கிட் மலர்களையும், மேகாலயத்திலிருந்து வந்த பூச்சிதின்னும் குடுவைச் செடியையும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வேறெங்கும் இல்லாத உள்ளூர் மரத்தின் முன் யாரும் நிற்பதில்லை.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் என்ற கரும்பாறை. அதன் உச்சித் தட்டையில் பாக்சைட்டும், சேலத்துப் பக்க அடிவாரத்தில் மேக்னசைட்டும் படிந்திருக்கின்றன. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல்லால் ஆனது. அதைக் கண்டு புவியியலாளர் டி. எச். ஹாலண்ட் பாறைக்கு அவர் பெயரை வைத்தார். அவருடைய பெரிய ஆய்வு 1900-இல் வந்தது. அந்தக் கல்லறைப் பலகை வங்கத்தில் வெட்டியதல்ல, நம் பல்லாவரத்துக் கல். ஃபூட் கோடாரியை எடுத்த அதே பல்லாவரம்.

இத்தனை செய்திகளும் கிடைக்கும் இடங்கள் பரம ரகசியமல்ல. லெ ஃபானுவின் கையேடும், எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் 1918-இல் தொகுத்த சேலம் கெசட்டியரும் ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ தளத்தில் யாரும் இறக்கிப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய தமிழ் நூல்கள் ஏராளம். ஒரு செய்தி உண்மையா என்று பார்க்க நான் முதலில் செய்வது, சம்பந்தப்பட்டவர் இறந்த ஆண்டைத் தேடுவது. பாதிக் கதைகள் அங்கேயே விழுந்துவிடும். அடுத்தது, அச்சில் முதலில் வந்த இடம் எது என்று பின்னோக்கிப் போவது. இணையப் பக்கம் இணையப் பக்கத்தை மட்டுமே சாட்சிக்கு அழைத்தால் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் தொகுத்து வெளியிட்டது 1905-இல். ஃபூட் இறந்தது அதற்குப் பிறகு. எனவே அவர் பெயரோ, அதன் பின் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஏற்காட்டில் புதைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர், ஆசிரியர், ஊழியர் எவர் பெயரோ அதில் இருக்க முடியாது. சேலத்தில் வரலாற்றுத் துறை உள்ள கல்லூரிகள் பல இருக்கின்றன. மாணவர்களை இரண்டு நாள் மலைக்கு அழைத்துப்போய், தேவாலய நிர்வாகத்தின் அனுமதியோடு, அந்தக் கற்களில் உள்ள தமிழ், ஆங்கில எழுத்துகளை மழை கரைப்பதற்குள் படியெடுத்து இணையத்தில் ஏற்றுங்கள். அப்படியே 1842-இல் மன்றோ வந்தார் என்ற வரியையும் நீக்கிவிடுங்கள். திருத்தும் பொத்தான் எல்லோருக்கும் பொதுவானதுதான்.